920 பெரிதா, 898 பெரிதா?

ட்ரோஜன் ரசிகை: 2023–24 பருவத்தில் எங்கள் ட்ரோஜன் அணியின், அதாவது தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின், ஜூஜூ வாட்கின்ஸ் எடுத்த 920 புள்ளிகளே, அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் ஒரு முதலாண்டு மாணவியின் ஆகச் சிறந்த சாதனை. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

நடுக்களம்: தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டால் நாங்கள் எதற்கு? சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டீனா ஹட்சின்சன் 1983–84இல் 898 புள்ளிகள் எடுத்தபோது மகளிர் ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது; எவ்வளவு தூரத்திலிருந்து கூடையில் போட்டாலும் இரண்டு புள்ளிதான். அந்தக் கோடு 1987–88இல்தான் வந்தது. பந்தும் ஆண்கள் ஆடிய பெரிய பந்து. அப்படியிருந்தும் ஓர் ஆட்டத்துக்கு அவருடைய சராசரி கிட்டத்தட்ட 30. ஜூஜூவுக்கு 34 ஆட்டங்களில் 27.1தான்.

ட்ரோஜன் ரசிகை: 2024 பிப்ரவரி 2 அன்று ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கில் அணி எடுத்த 67 புள்ளிகளில் 51 ஜூஜூவுடையவை, மற்றவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்தது 16. அப்படிப்பட்ட எதிரணியை ஹட்சின்சன் எத்தனை முறை சந்தித்தார்?

நடுக்களம்: நான் கோட்டைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஸ்டான்ஃபோர்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். அந்த 51இல் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தவை ஆறு. 1984இல் அதே வீச்சுகளுக்கு 45தான் கிடைத்திருக்கும்.

கனெக்டிகட் அன்பன்: இருவரும் புள்ளிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகளை 2021இல் பெற்று, அவற்றை வென்ற முதல் முதலாண்டு மாணவி ஆனவர் எங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸ். 2025 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 24 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது) எடுத்துக் கோப்பையை வென்று தந்த சாரா ஸ்ட்ராங்கும் முதலாண்டு மாணவியே. 2024இல் ஜூஜூவின் அணியை 80–73 என்று வீட்டுக்கு அனுப்பியவர்களும் நாங்கள்தான்.

ட்ரோஜன் ரசிகை: அந்த ஆட்டத்தை எடுக்காமல் உங்களுக்கு ஒரு பதிவும் முடியாது போலிருக்கிறது. பெக்கர்ஸின் முதல் ஆண்டு அரையிறுதியில் அரிசோனாவிடம் முடிந்ததை மட்டும் எப்படியோ மறந்துவிட்டீர்கள். கோப்பைதான் அளவுகோல் என்றால், 1983 இறுதியில் லூசியானா டெக்கை 69–67 என்று வென்றபோது 27 புள்ளிகள் எடுத்த முதலாண்டு மாணவி செரில் மில்லர், அவரும் எங்கள் பல்கலைக்கழகமே. அதுவும் அந்தப் பெரிய பந்தில்.

நடுக்களம்: பெரிய பந்து மில்லருக்குப் பெருமை சேர்க்குமாம், ஹட்சின்சனுக்கு மட்டும் சேர்க்காதாம்! போன மாதமும் இதே போலத்தான் நழுவினீர்கள். மூன்று புள்ளிக் கோடு இருந்ததா, இல்லையா?

ட்ரோஜன் ரசிகை: சாதனைப் பட்டியலில் 920 முதலில் இருக்கிறது, 898 அதற்குக் கீழே இருக்கிறது. கோடு அதில் எழுதப்படவில்லை.

கனெக்டிகட் அன்பன்: கோப்பையும் அதில் எழுதப்படவில்லை.

நடுக்களம்: கோப்பையை யார் கேட்டார்கள்? கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த புள்ளிகளை ஜூஜூவின் 920இலிருந்து கழித்து, மீதி என்னவென்று ஒரே ஒரு முறை இங்கே எழுதுங்கள். அதன் பிறகு பேசுவோம்.