மறு: நேட்டிவ் லுக் – 'சூழலிசைவு' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மென்பொருள், தான் ஓடும் கணினியின் மற்ற மென்பொருள்களைப் போலவே தோன்றுவதை ஆங்கிலத்தில் 'நேட்டிவ் லுக்' என்கிறார்கள். அதற்குத் தமிழாக இந்த இழையில் வந்த 'இயல்தோற்றம்', 'சொந்தத் தோற்றம்', 'உள்ளகத் தோற்றம்', 'தளத்தோற்றம்' ஆகிய சொற்களை எல்லாம் மொழிபெயர்ப்புக் கோப்பில் இட்டுப் படித்துப் பார்த்தேன். தனியாகப் பார்க்கும்போது நன்றாக இருப்பவை, வாக்கியத்தில் வைத்தால் இடறுகின்றன. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

> 'இயல்தோற்றம்' போதாதா? சுருக்கமாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

சுருக்கம்தான், அண்ணா. ஆனால் 'டீஃபால்ட்' என்பதற்கு 'இயல்புநிலை' என்று ஏற்கெனவே பல கோப்புகளில் போட்டிருக்கிறோம். அமைப்புப் பெட்டியில் 'இயல்புநிலைத் தோற்றம்' என்று ஒரு வரி, அதன் கீழேயே 'இயல்தோற்றம்' என்று இன்னொரு வரி வந்தால் பயனர் எதைச் சொடுக்குவார்? ஜாவா மொழியில் சாளரம், பொத்தான் முதலியவற்றை வரையும் தொகுப்பான ஸ்விங்கில் இது வெறும் ஐயமில்லை. அங்கே லினக்ஸில் எதையும் மாற்றாமல் விட்டால் கிடைப்பது மெட்டல் என்ற தோற்றம். அதுதான் ஸ்விங்கின் இயல்புநிலை. எந்தப் பணிமேடையோடும் (டெஸ்க்டாப்) ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பதும் அதேதான்.

'சொந்தத் தோற்றம்' பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. யாருக்குச் சொந்தம்? மென்பொருளுக்கு என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் தன் பொத்தான், பட்டி எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்கிறதே, அதற்கு வேண்டுமானால் இந்தப் பெயர் பொருந்தும். 'உள்ளகத் தோற்றம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'உள்ளக' என்பதை வேறு இடங்களில் வேறு பொருளில் ஆண்டுவிட்டோம்.

> அப்படியானால் 'தளத்தோற்றம்'. விண்டோஸில் விண்டோஸ் மாதிரி, மேக்கில் மேக் மாதிரி, லினக்ஸில் லினக்ஸ் மாதிரி.

இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது, 'லினக்ஸ் மாதிரி' என்று ஒரு தோற்றமே கிடையாது. லினக்ஸ் ஒரு கருநிரல் (கெர்னல்), அதாவது இயங்குதளத்தின் உட்கரு. அதற்குப் பொத்தான் தெரியாது, சாளரம் தெரியாது. 1996-இல் க்யூடி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பை அடித்தளமாக வைத்து கேடீஈ என்ற பணிமேடைச் சூழல் தொடங்கியது. க்யூடியின் உரிமம் அன்று முழுக் கட்டற்ற உரிமமாக இல்லாததால், 1997-இல் ஜிடிகே என்ற இன்னொரு தொகுப்பை வைத்து க்னோம் என்ற சூழல் தொடங்கியது. அன்று பிரிந்த இரண்டு மரபும் இன்றுவரை ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆகவே பல்தள மென்பொருள் ஒன்றை லினக்ஸுக்குக் கொண்டுவருபவர் முதலில் கேட்க வேண்டியது 'எந்தத் தளம்' என்றல்ல, 'எந்தப் பணிமேடைச் சூழல்' என்று.

ஜாவாவின் நிரலே இதற்குச் சான்று. கணினியின் தோற்றத்தை எடுத்துக்கொள் என்று கட்டளையிட ஸ்விங்கில் ஓர் அழைப்பு உண்டு. ஜாவா 1.4.2 பதிப்பில், 2003-இல், ஜிடிகே தோற்றம் சேர்ந்தது. ஆனால் அந்த அழைப்பு லினக்ஸில் இயங்குதளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை. பல பதிப்புகள் வரை, ஓடுவது க்னோமா என்று பார்த்து, ஆம் என்றால் ஜிடிகே தோற்றத்தைத் தந்தது. இல்லையென்றால் பழையபடி மெட்டல்தான். ஒரே லினக்ஸ், ஒரே ஜாவா, ஒரே நிரல். கேடீஈ பயனருக்கு ஒரு முகம், க்னோம் பயனருக்கு வேறு முகம். 'தளத்தோற்றம்' என்று பெயர் வைத்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

அடுத்தது, 'தோற்றம்' என்ற சொல்லே பாதியைத்தான் சொல்கிறது. க்னோமில் ஓர் உரையாடல் பெட்டியைத் திறந்து பாருங்கள்: 'ரத்து' இடப்பக்கம், 'சேமி' கடைசியாக வலப்பக்கம். கேடீஈயிலும் விண்டோஸிலும் வரிசை மாறிவிடும்; கீழ் வலது மூலையில் இருப்பது 'ரத்து'. க்னோமில் பழகிய கை பார்க்காமலே அந்த மூலைக்குப் போகும். நிறம், எழுத்துரு, பொத்தானின் வளைவு எல்லாம் கச்சிதமாக ஒத்திருந்தும் இந்த வரிசை மாறியிருந்தால், சேமிக்க நினைத்தவர் ரத்து செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இதற்காகவே க்யூடி 4.2-இல் தனியாக ஒரு பொத்தான் பெட்டி கொண்டுவந்தார்கள். 'சரி', 'ரத்து' என்று பணியை மட்டும் சொன்னால் போதும், வரிசையைச் சூழலுக்கேற்ப அதுவே அமைக்கும்.

கோப்புத் தேர்வுப் பெட்டியும் அப்படியே. ஸ்விங்கின் பெட்டிக்கு ஜிடிகே சாயம் பூசலாம். ஆனால் கோப்பு மேலாளரில் நாம் குறித்துவைத்த அடைவுகள் அதன் ஓரத்தில் வராது. இன்று பிளாட்பேக் என்ற பொதியாக வரும் செயலிகள் பலவும் போர்ட்டல் என்ற இடைவழி மூலம் அந்தப் பெட்டியைச் சூழலிடமே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. தமிழ் உள்ளீடும் இதில் சேர்த்திதான்: ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியே தமிழ்99 விசைப்பலகையில் தட்டும்போது ஜிடிகே, க்யூடி இரண்டும் தத்தம் உள்ளீட்டுக் கூறு வழியே பேசுகின்றன, ஸ்விங் எக்ஸ்ஐஎம் என்ற பழைய உள்ளீட்டு முறை வழியே போகிறது. தட்டும் எழுத்து எங்கே, எப்படி உருவாகிறது என்பதில் வேறுபாடு வந்தால் பயனருக்கு உடனே தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: சூழலிசைவு. சூழலுக்கு இசைந்து நிற்றல். இசைவு என்பதில் தோற்றமும் அடங்கும், நடத்தையும் அடங்கும். 'சூழலிசைந்த தோற்றம்', 'சூழலிசைவற்ற பெட்டி', 'சூழலுக்கு இசையச் செய்' என்று வினையாகவும் அடையாகவும் வளையும். விண்டோஸிலும் மேக்கிலும் சூழல் ஒன்றுதான் என்பதால் அங்கேயும் பொய்க்காது.

> 'சூழல் மாறி' என்று என்விரான்மென்ட் வேரியபிளுக்கு வைத்திருக்கிறோமே, குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். சூழல் மாறி என்பது நிரல் வெளியிலிருந்து படித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு மதிப்பு. அங்கேயும் இங்கேயும் நிரலைச் சுற்றி இருப்பதைத்தான் சூழல் என்கிறோம். லிப்ரெஓபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சூழல் மாறியின் மதிப்பை மாற்றி, ஜிடிகே முகத்தோடும் திறக்கலாம், எதனோடும் ஒட்டாத வெறும் எக்ஸ்11 (பழைய சாளர அமைப்பு) முகத்தோடும் திறக்கலாம். சூழல் மாறியை மாற்றினால் சூழலிசைவு மாறுகிறது. இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் நிற்கின்றன.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், எஸ்டபிள்யூடி போன்ற இடைமுகத் தொகுப்புகள் ஜிடிகேயின் பொத்தானையே எடுத்து வைக்கின்றன. ஸ்விங், க்யூடி தாமே வரைந்து ஒத்துக்காட்டுகின்றன. இரண்டும் சூழலிசைவுதான், வழி வேறு. முதலாவதற்குச் 'சூழல் கூறு', இரண்டாவதற்கு 'ஒப்புவரைவு' என்று வைக்கலாமா? 'ஒப்புவரைவு' எனக்கே முழு நிறைவு தரவில்லை. நல்ல சொல் இருந்தால் தாருங்கள். 'நேட்டிவ் கோட்' இந்தக் கணக்கில் வராது. அது செயலிச் சில்லு நேரடியாக இயக்கும் நிரல் பற்றியது, அதற்கும் இதே சொல்லை நீட்டக் கூடாது.

கோப்பில் வரும் மூன்று வரிகளை இப்படி மாற்றியிருக்கிறேன்:

சூழலிசைந்த தோற்றத்தைப் பயன்படுத்து
சூழலின் கோப்புத் தேர்வுப் பெட்டியைப் பயன்படுத்து
இந்தத் தீம் தற்போதைய சூழலுக்கு இசையாது

மூன்றாவதில் 'இசையாது' என்பதைவிடப் 'பொருந்தாது' எளிதாக இருக்குமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். கேடீஈ பக்கம் மொழிபெயர்ப்பவர்கள் தங்கள் வரிகளிலும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதன்பின் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்.