அக்டோபர் 2 இரவு ஜெர்மனியில் காலி வீட்டுக்குப் போகிறேன்: அட்வான்ஸ், சாமான் பற்றிச் சில கேள்விகள்

பாலக்கோட்டுப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டு மூன்று மாதமாக வரிசையிலேயே நிற்கிறேன், அதனால் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி, ஒரு வாடகை நிறுவனத்திடம் ஒற்றை அறை வீடு பிடித்திருக்கிறேன். அக்டோபர் 1 முதல் ஒப்பந்தம். வாடகை என்ற இடத்தில் 'கால்ட்' 205 யூரோ, 'வார்ம்' 290 யூரோ என்று இரண்டு போட்டிருக்கிறது, ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு வாடகை என்று அப்பா கேட்கிறார். அட்வான்ஸ் 615 யூரோ. முழுவதையும் இப்போதே அனுப்பிவிடலாமா?

விமானம் அக்டோபர் 2 வெள்ளி விடியற்காலை 3 மணிக்குப் பெங்களூரிலிருந்து. காந்தி ஜெயந்தி அன்று அப்பாவுக்கு லீவு, வழியனுப்பிவிட்டு நிதானமாகத் திரும்பலாம் என்று பார்த்துப் போட்ட தேதி. ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி ரயில் பிடித்து ஊர் சேர இரவு ஆகிவிடும். வீட்டில் சாமான் எதுவும் இருக்காதாம். அம்மா குக்கர், மிக்சி, கேழ்வரகு மாவு, களி கிண்டத் துடுப்பு, நெய் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதை விடுவது, எதை எடுப்பது?

காவேரிப்பட்டணம் 635112:
தம்பி, சாமானை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தத் தேதியைப் பார். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. அது சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு, அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள், நம்ம ஊர் மாதிரி பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க், சில பேக்கரிகள் போன்றவைதான் விதிவிலக்கு. நீ வெள்ளி இரவு போய் இறங்கினால் திங்கள் காலை வரை பாலும் கிடையாது, பாயும் கிடையாது. அதைவிட முக்கியம், சாவி யார் கொடுப்பார்கள்? நிறுவனம் என்றால் அலுவலக நேரத்தில்தான் கொடுப்பார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை மதியமே பல இடங்களில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்றைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேள்.

நான் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை போய் இறங்கியவன். சாவி கிடைத்தது, சீனியர் வாங்கி வைத்திருந்தார். உள்ளே போனால் விளக்கு இல்லை. பல்பு மட்டும் இல்லை என்று நினைக்காதே, கூரையிலிருந்து வெறும் வயர் தொங்கியது. சமையலறை என்று சொன்ன இடத்தில் குழாய் வரும் ஓட்டையும் நான்கு சுவரும். முன்பு இருந்தவர் அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அங்கே அது சகஜம். இரண்டு நாள் கம்பளியை விரித்துப் படுத்து, பாத்ரூம் குழாயில் தண்ணீர் குடித்து (குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், பயப்படாதே), அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்று ஓட்டினேன். உன் ஒப்பந்தத்தில் 'ஐன்பௌகியூஷே' என்ற சொல் இருக்கிறதா பார். இருந்தால் சமையலறை உண்டு.

வாடகை விஷயம்: கால்ட் என்பது வீட்டுக்கு மட்டும். வார்ம் என்றால் அதோடு தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டரும். கரண்டும் இன்டர்நெட்டும் அனேகமாகத் தனி. அட்வான்ஸ் அங்கே சட்டப்படி மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, உனக்குச் சரியாக மூன்று மடங்குதான் போட்டிருக்கிறார்கள். பெங்களூரில் பத்து மாதம் கேட்டுப் பழகிய நமக்கு இது சொர்க்கம். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு, முதல் தவணை ஒப்பந்தம் தொடங்கும்போது. அதனால் இப்போதே முழுவதும் அனுப்பத் தேவையில்லை. உன் சீனியர் நேரில் பார்த்ததால் பரவாயில்லை. யாராவது 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்றால் அது மோசடி.

அரூர் அக்கா:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடு. முன்பதிவு கிடைக்கத் தாமதமாகும், இங்கிருந்தே இணையத்தில் போட்டுவை.

இன்னொன்று தபால் பெட்டி. அங்கே அடுக்குமாடியில் வீட்டு எண் போட்டுக் கடிதம் வராது, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். நமக்கோ இனிஷியல் தொல்லை. நான் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பாஸ்போர்ட்டில் வைத்திருந்தேன், பெட்டியில் என் பெயரை மட்டும் பேனாவால் எழுதி ஒட்டினேன், வங்கி அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ இருந்தும், சாதாரணக் கணக்கு திறந்து இணைக்கும்வரை ஒரு பைசா எடுக்க முடியாமல் கூட இருந்த பெண்ணிடம் கடன் வாங்கினேன். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுப் பெயரையும் ஒட்டு. முதல் மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் கொண்டு போ.

நெய் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பையில் கொண்டு போக விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டு போ. கேழ்வரகு மாவு தாராளமாக எடு. மிக்சியும் ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் வாங்கிக்கொள்.

ஓசூர் ரோடு:
மிக்சியைத் தூக்கிக்கொண்டு போகாதீங்க, ஐந்து கிலோ வீண், அங்கேயே பழசு மலிவாகக் கிடைக்கும். குக்கர் மட்டும் எடுங்க, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்க, ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் வேலை செய்யும்.

காவேரிப்பட்டணம் 635112:
மிக்சி இல்லாமல் சட்னிக்கு என்ன செய்வதாம்? சரி, அது அவரவர் இஷ்டம். ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியே கைப்பிடி திரும்பாது. குப்பை போடப் போனாலும் சாவி சட்டைப்பையில் இருக்கட்டும். ஞாயிறு இரவு பூட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் கொடுத்த பணத்தை இங்கே எழுதினால் என் அப்பா படித்துவிடுவார்.

பாலக்கோட்டுப் பையன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மின்னஞ்சல் போட்டேன், வெள்ளி 12 மணி வரைதான் சாவி, அதன் பிறகு திங்கள் என்று பதில் வந்தது. டிக்கெட்டை செப்டம்பர் 30க்கு மாற்றிவிட்டேன், 6,000 ரூபாய் போனது. முதல் இரவு சீனியர் அறையில், வியாழன் காலை சாவி, வெள்ளிக்குள் பாய், விளக்கு, அரிசி எல்லாம். சமையலறை இல்லை என்பதும் உறுதியாகிவிட்டது, ஒற்றை அடுப்பு பழசாகத் தேடுகிறேன். அப்பாவுக்கு அன்று லீவு இல்லை, மாமா வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். நெய் டப்பா வெளியே வந்துவிட்டது. துடுப்பை அம்மா பெட்டியின் அடியில் வைத்து மேலே ஸ்வெட்டரை அடுக்கிவிட்டார், நானும் எடுக்கச் சொல்லவில்லை.