காணொளி பார்த்தால் புரிகிறது, எழுத வரவில்லை: நிரலாக்கத்தை எப்படித் தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். வணிகவியல் பட்டம் பெற்று, ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதங்களாக இரவில் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்பிக்கும் காணொளிகளைப் பார்த்து வருகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, தனியே அமர்ந்தால் முதல் வரிகூட எழுத வரவில்லை. காணொளியில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்தாலும், விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் (print) வரியிலேயே பிழை காட்டுகிறது. முதலில் சி மொழியைக் கற்றிருக்க வேண்டுமா?

மறுமொழி 1:
அந்தக் காணொளி பைத்தான் 2-க்கு உரியதாக இருக்கலாம். அதில் பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி கட்டாயமில்லை. பைத்தான் 3-இல் கட்டாயம். பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அக்காணொளியை விட்டுவிடுங்கள்.

மற்றொன்று: கணக்குப் பதிவியலைக் கரும்பலகையைப் பார்த்தா கற்றீர்கள்? பேரேட்டில் நீங்களே பதிந்து, இருப்பாய்வு பொருந்தாமல் விழித்த பிறகுதானே கற்றீர்கள்? இங்கும் அப்படித்தான். ஒரு பில்லின் தொகையைக் கணக்கிடும் படிகளை முதலில் தாளில் தமிழிலேயே எழுதி, பின்னர் ஒவ்வொரு படியையும் ஒரு வரி நிரலாக மாற்றிப் பாருங்கள்.

மறுமொழி 2:
அதைச் செய்யும்போது ஒன்றில் தடுக்கி விழுவீர்கள். பயனர் தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் (input) வழியாகப் பெறுவது எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே வரும். 500-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 500300 என்றே கிடைக்கும். இன்ட் (int) என்ற கட்டளை கொண்டு முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். பணக் கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

மறுமொழி 3:
சி மொழியில் தொடங்கி, நினைவக முகவரியைக் கையாளும் பாயின்டரில் சிக்கி ஆறு மாதம் கணினிப் பக்கமே போகாதவன் நான். நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதை அறிய சி நல்ல ஆசான்தான். ஆயினும் கடைக் கணக்கை எழுத விரும்புபவர் அதைப் பின்னர் படிக்கலாம். ஆங்கிலச் சொற்களே தடையென்றால், 'பதிப்பி' போன்ற தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் எழில் மொழியிலும் சில நாள் பழகிப் பார்க்கலாம்.

கேட்டவர்:
நன்றி. இரண்டு பில்களைக் கூட்டும் நிரலை எழுதிவிட்டேன். ஆனால் 1,250 என்று உள்ளிட்டால் இன்ட் பிழை காட்டுகிறது. 1250 என்றால் சரியாக இருக்கிறது.

மறுமொழி 2:
காற்புள்ளியை இன்ட் ஏற்காது. எண்ணாக மாற்றுவதற்கு முன் ஓர் எழுத்தை வேறொன்றால் மாற்றும் ரீப்ளேஸ் (replace) கொண்டு அதை நீக்கிவிடுங்கள். கணக்கு எழுதுபவரின் கை காற்புள்ளியை எப்படியும் போட்டுவிடும்.