மறு: எக்ஸ்ட்ரூஷன் – புறத்தள்ளலா, பிதுக்கமா, பிழிவா?

அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ்ட்ரூஷன் (extrusion) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவரை புறத்தள்ளல், பிதுக்கம், நெகிழ்வார்ப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. பிழிதல் என்ற வினை நம்மிடம் இருக்கும்போது வேறெங்கும் போய்த் தேட வேண்டாம், அச்சுப்பிழிவு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நாளைக்கு இந்தச் சொல்லைப் பாடப்புத்தகத்தில் படிக்கப்போகிறார்கள். அவர்கள் வாயில் நிற்காத சொல்லை நாம் ஆக்கி என்ன பயன்?

முதலில் செயல் என்ன என்று பார்ப்போம். குழைவான ஒரு பொருளை, அல்லது அழுத்தினால் குழைந்து கொடுக்கும் ஒரு பொருளை, கலத்தில் அடைத்துப் பின்னாலிருந்து தள்ளுகிறோம். முன்னால் இருக்கும் அச்சின் துளை வழியாக அது வெளியே வருகிறது. துளை எந்த வடிவமோ அதுதான் குறுக்குவெட்டு, நீளம் நம் விருப்பம். முறுக்குக் குழலில் நடப்பது அச்சு அசலாக இதுதான். ஓமப்பொடிக்கு ஒரு தட்டு, முள்ளுமுறுக்குக்கு நட்சத்திரத் தட்டு என்று மாற்றிப் போடுகிறோமே, தொழிற்சாலையில் 'டை' மாற்றுவதும் அதே வேலை. 1797இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஈயக் குழாய் செய்யக் காப்புரிமை வாங்கியதும் இந்த முறைக்குத்தான்.

நெகிழ்வார்ப்பு சொன்ன அக்காவுக்கு: வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றுவது. பிளாஸ்டிக் குழாய்க்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்துவதுபோல் தெரியும், ஏனென்றால் அங்கே பிவிசி சூட்டில் இளகி, திருகு சுழலச் சுழல முன்னால் தள்ளப்பட்டு வருகிறது. ஆனால் அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் ஜன்னல், பார்ட்டிஷன் போடும் கடைகளில் 'செக்‌ஷன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த வடிவம் உருகிய உலோகத்தை ஊற்றி வந்ததே இல்லை. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அச்சுக்குள் தள்ளும்போது உருளைக்கட்டை சுமார் 450 முதல் 500 டிகிரிதான் இருக்கும். கட்டை திடமாகவே இருக்கிறது, அழுத்தம்தான் அதை ஓட வைக்கிறது. இதைப் போய் வார்ப்பு என்று சொன்னால் படிக்கிற பிள்ளைக்குத் தப்பான படம் மனதில் பதிந்துவிடும், அப்புறம் அதை அழிப்பது கஷ்டம்.

பிதுக்கம் கேட்டவுடன் குடல் பிதுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. தவிர, பிதுங்குவது தானாக நடப்பது, கட்டுக்கு அடங்காமல் வெளியே வருவது. இங்கே வடிவம் மில்லிமீட்டர் கணக்கில் கட்டுப்பட்டது. புறத்தள்ளலில் 'தள்ளல்' சரி, ஆனால் துளையும் இல்லை அச்சும் இல்லை, குப்பையை வெளியே தள்ளினாலும் புறத்தள்ளல்தானே!

பிழிதலுக்கு எதிராக ஐயா ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. கரும்பைப் பிழிந்தால் சாறு வரும், சக்கை மிஞ்சும், துணியைப் பிழிந்தால் தண்ணீர் போகும், துணி கையில் இருக்கும், ஆகவே பிழிதல் என்றால் பிரித்தெடுப்பதுதானே என்று கேட்டிருந்தார். உண்மைதான், அது ஒரு பொருள். ஆனால் 'இடியாப்பம் பிழி', 'முறுக்கு பிழி' என்று சொல்லும்போது யாரும் சாற்றை நினைப்பதில்லை, மாவு முழுவதும் அச்சு வழியாக வடிவம் பெற்று வருவதைத்தான் நினைக்கிறோம். இரண்டும் குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் முன்னால் அச்சு சேர்க்கச் சொல்கிறேன்.

இந்த வினை எவ்வளவு துல்லியமானது என்று பாருங்கள். கைமுறுக்கை நாம் பிழிவதில்லை, சுற்றுகிறோம். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மியத் தின்பண்டக் கடையில் போடும் நூடுல்ஸ் பார்ப்பதற்கு இடியாப்பத்துக்கு உறவு மாதிரி இருக்கும், ஆனால் கோதுமை நூடுல்ஸைப் பொதுவாகத் தகடாக உருட்டி நறுக்குகிறார்கள். சேமியா பிழிவது. வெளித்தோற்றத்தை வைத்து 'நூலாக்கம்' மாதிரி ஒரு சொல் ஆக்கியிருந்தால் இது எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். கம்பி இழுப்பதும் வேறு: தட்டார் பட்டறையில் துளைப்பலகை வழியாகத் தங்கக் கம்பியை முன்னாலிருந்து இழுக்கிறார்கள், பிழிவில் பின்னாலிருந்து தள்ளுகிறோம்.

நம் பகுதியிலிருந்தே இன்னொன்று. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கி, 1952இல் டயர் மேல்பட்டைக்கான ட்ரெட் ரப்பருக்கு வந்தது. பலூன் என்பது அச்சை ரப்பர் பாலில் தோய்த்து எடுப்பது. டயரில் தரையைத் தொடும் மேல்பட்டையோ சூடான ரப்பரைப் பிழிந்து எடுப்பது. ஒரே ரப்பர்தான், ஆனால் தோய்ப்பு, பிழிவு என்று எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது!

சரி, அச்சுப்பிழிவு என்று வைத்தால் மற்றவை சுலபமாகக் கிளைக்கும். பொறிக்குப் பிழிபொறி. வெளியே வரும் பொருளுக்குப் பிழிவம். இரண்டு மூன்று பொருட்களை ஒரே அச்சில் அடுக்காகக் கொண்டுவருவதற்குக் கூட்டுப்பிழிவு, பால் பாக்கெட் உறை மாதிரி பல அடுக்குப் படலங்களுக்கு இது தேவைப்படும். அலுமினியத்தில் கடைசியில் கலத்துக்குள் மிஞ்சும் துண்டை அழுக்கும் ஆக்ஸைடும் சேர்ந்திருக்கும் என்பதால் வெட்டி ஒதுக்குவார்கள், அதற்கு அடிக்கட்டை போதும்.

எனக்கு முடிவுக்கு வராமல் நிற்பது 'டை ஸ்வெல்'. உருகிய பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் துளைக்குள் நெருக்கப்பட்டு ஒரு திசையாக நீண்டு கிடக்கும், வெளியே வந்ததும் மறுபடி சுருளப் பார்க்கும், அதனால் பிழிவம் துளையைவிடத் தடிப்பாகிவிடும். அச்சு வெட்டும்போதே இதற்கு இடம் கொடுத்துத்தான் வெட்ட வேண்டும். வீக்கம் என்றால் நோய் மாதிரி இருக்கிறது. பிழிவுப்புடைப்பு என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பாக்கெட் சோளத் தீனி அச்சை விட்டு வந்ததும் உப்புகிறதே, அது வேறு: உள்ளே அழுத்தத்தில் கொதிக்காமல் இருந்த தண்ணீர் வெளியே வந்த நொடியில் ஆவியாகி மாவை ஊதிவிடுகிறது. அதற்குப் பொரிவு என்றே சொல்லிவிடலாம்.

குழாய், டயர், உணவுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால், புடைப்புக்கு உங்கள் தளத்தில் ஆட்கள் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று புழங்கினால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.