உங்கட கொமிக்ஸ் பக்கத்தைப் பார்த்து ஆர், என்ன சொன்னவை? (அனுபவப் பகிர்வு)

கோப்பாய்க் கீறல்

எனக்கு நடந்ததைச் சொல்லுறன், பிறகு நீங்கள் சொல்லுங்கோ. கொமிக்ஸ் கீறிச் சீவிக்கலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் இது. சும்மா கீறுறவையும் வரலாம், ஆனா கெதியாக் கதைக்கு வாங்கோ.

எங்கட பக்கம் ஒரு வயசான ஓவியர் இருக்கிறார். அந்தக் காலத்துச் சஞ்சிகையளுக்குக் கதைப்படம் கீறினவர். அவரிட்ட என்ர எட்டுப் பக்கக் கதையைக் கொண்டுபோனன். அக்கான்ர மகளும் கூட வந்தவள், நாலாம் வகுப்பு. ஐயா ஒரு வரியும் வாசிக்கேல்லை. மேசையில கிடந்த பழைய கலண்டர்த் தாளைக் கிழிச்சுத் துண்டு துண்டாக்கி, என்ர பலூன் (வசனம் எழுதுற வட்டம்) ஒவ்வொண்டுக்கு மேலயும் ஆறுதலா வைச்சார். எல்லாம் மூடின பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, “இதில என்ன நடக்குது, சொல்லுங்கோ பாப்பம்” எண்டார்.

அவள் குனிஞ்சு பார்த்துப்போட்டு, “ஒரு அன்ரி நிண்டு கதைக்கிறா. பிறகும் நிண்டு கதைக்கிறா. பிறகு உடுப்பு மாத்திப்போட்டு வந்து நிண்டு கதைக்கிறா” எண்டாள்.

கதை என்னெண்டால், காணியைக் களவா எழுதி வாங்கின தம்பியோட அந்த அன்ரி சண்டை பிடிக்கிறா.

ஐயா சிரிக்கவுமில்லை. “தேத்தண்ணி குடிக்கிறியளே?” எண்டு கேட்டார். அவ்வளவுதான். கீறுறதை விடு எண்டு சொன்னவரோ, திரும்பக் கீறு எண்டு சொன்னவரோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. முகம், கைவிரல், சீலை மடிப்பு எல்லாம் நல்ல வடிவாத்தான் கிடந்தது. அதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

கொக்குவில் மெசின்

ஐயா சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டார் தங்கச்சி. இனி என்ர கதை.

என்ர ஆள் ஓவியர் இல்லை, பிரஸ்ஸில ஓப்செற் மெசின் ஓட்டுறவர். முதல் புத்தகத்தைச் சொந்தக் காசில அடிக்கக் குடுத்திருந்தன். இரவுக் காட்சி, நாயகியின்ர தலைமயிர் விரிஞ்சு அரைப் பக்கம் கறுப்பு. முதல் தாள் வந்த உடன அந்த அண்ணை அதைத் தூக்கி, தலைமயிருக்கு மேல பெருவிரலால ஒரு இழுவை இழுத்தார். மை அப்பிடியே அவளின்ர கன்னத்தில ஏறிச்சுது. கறுத்த விரலை என்ர மூக்குக்கு நேர பிடிச்சுக்கொண்டு, “தம்பி, உமக்கு இது கறுப்பு. எனக்கு இது நாலு மை. எப்ப காயுறது?” எண்டார். பிறகு பூதக்கண்ணாடியைத் தந்து பலூன் எழுத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நீலக் கரை, மற்றப் பக்கம் சிவப்புக் கரை.

அந்தக் கன்னம் இன்னும் கண்ணுக்க நிக்குது.

இனிக் கீறப்போறவைக்குச் சொல்லுறன். கொம்பியூற்றர் ஸ்கிரீனில தெரியிற கறுப்பு ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் சேருற கணக்கு. அதை அப்பிடியே அச்சுக்குரிய சிஎம்வைகேக்கு மாத்தினால் சியான், மஜென்ரா, மஞ்சள், கறுப்பு எண்டு நாலு பிளேற்றிலயும் விழும். தாள் ஒரு நூல் விலகினாலும் சின்ன எழுத்துப் போச்சு. எழுத்தும் கோடும் கறுப்புப் பிளேற்றில மட்டும், நூறு வீதம். வெறும் கோட்டுப் படமெண்டால் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) குறைய ஸ்கான் பண்ணாதேங்கோ, 1200 எண்டால் இன்னும் திறம். கலருக்கு 300 காணும். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட விடுங்கோ, பலூனைக் கரைக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ.

பெரிசாக் கீறிச் சின்னனா அடியுங்கோ. அமெரிக்காவில 11க்கு 17 அங்குல மட்டையில கீறி, கிட்டத்தட்ட மூண்டில ரெண்டு பங்காக் குறைச்சு அடிக்கிறவை. எங்களுக்கு ஏ4இல கீறி ஏ5இல அடிச்சாலே 71 வீதத்துக்குச் சுருங்கும். கையின்ர நடுக்கமும் அதோட சுருங்கும், ஆனா மயிர்க்கோடு காணாமலே போகும். நடுவில கம்பிப் பின் அடிச்ச புத்தகமெண்டால் பக்கம் நாலால வகுபடவேணும். அமெரிக்க மாதக் கொமிக்ஸ் 32 பக்கம், கதை இருபது, இருபத்திரண்டுதான், மிச்சம் விளம்பரம். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதை யூனிகோட் எழுத்துருவுக்கு மாத்தினால் ஒரு சொல்லும் வாசிக்க வராது, கவனம். போட்டோசொப்பில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டால் ‘வேர்ல்ட்-ரெடி லேயவுட்’ எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. இன்னும் கிடக்கு, நாளைக்கு எழுதுறன்.

நெல்லியடிச் சந்தி

மெசின் அண்ணை, உதெல்லாம் ஆர் உங்களிட்டக் கேட்டது? நான் பேப்பருக்கே கீறுறேல்லை, போனுக்குத்தான்.

750 பஸ்ஸில யாழ்ப்பாணத்தால வாறன். முன் சீற்றில ஒரு பிள்ளை போனில என்ர கதையைப் பாத்துக்கொண்டிருக்கிறா. கீறினவன் பின்னால நிக்கிறான் எண்டு அவவுக்குத் தெரியாது. எனக்கெண்டால் நெஞ்சு அடிக்குது. அந்த அத்தியாயத்தில வல்லைவெளியைக் கீறியிருந்தனான். பொழுதுபடுற நேரம், தண்ணி, கொக்கு, தூரத்தில ஒற்றைப் பனை. மிச்சக் கட்டம் எல்லாத்துக்கும் சேர்த்துச் செலவழிச்ச நேரத்தை விட அதுக்குத்தான் கூட. அந்தப் பிள்ளையின்ர பெருவிரல் ஒரே தள்ளு. வல்லைவெளி போட்டுது.

பிறகு ஒரு சின்னக் கட்டத்தில நிண்டா. மூலையில ஒரு நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுது, கதைக்கு அது தேவையே இல்லை, இடம் கிடந்ததெண்டு போட்டது. அதைப் பாத்துச் சிரிச்சா. மேல போய்த் திரும்ப ஒருக்காப் பாத்தா. கண்டக்டர் நெல்லியடி, நெல்லியடி எண்டு கத்துறார், நான் இறங்கேல்லை. மந்திகையில இறங்கித் திரும்பி வந்தனான்.

வல்லைவெளி அகலம், போன் ஒடுக்கம். 800 பிக்சல் அகலத்துக்குள்ள தொடுவானத்தைப் படுக்க வைச்சால் அது ஒரு நாடா. மேலயிருந்து கீழ போற கதையில நேரம் எண்டது கட்டத்துக்கு நடுவில விடுற வெறும் இடம். அதைக் கூட்டினால் வாசிக்கிற ஆள் மூச்சு விடும், குறைச்சால் ஓடும். ஆனா நாயை ஏன் திரும்பப் பாத்தா எண்டதுக்கு என்னட்டை விளக்கமில்லை.

சாவகச்சேரி வசனம்

எல்லாரும் கீறுறதைப் பத்தியே கதைக்கிறியள். எழுதுறவனும் கொமிக்ஸ்காரன்தான்.

எனக்குக் கீறித் தந்தவர் மட்டக்களப்புப் பெடியன். வட்சப்பிலதான் பழக்கம். நான் எழுதி அனுப்பினது இது: ‘கட்டம் 3. அவள் கதவைத் திறந்து உள்ள வந்து, கதிரையில இருந்து, கடிதத்தை வாசிச்சுப்போட்டு அழுகிறாள்.’ குரல் பதிவொண்டு வந்தது. “அண்ணன், இதில எதைக் கீறட்டும்?”

ஒரு கட்டத்தில ஒரு செயல்தான் கொள்ளும், கதவைத் திறந்தால் இருக்கேலாது, இருந்தால் திறக்கேலாது எண்டு விளக்கினார். சரி, நாலு கட்டமா உடைக்கட்டும் எண்டு பார்த்தால், அவர் அனுப்பினது ரெண்டு. ஒண்டில கதவுப்பிடியில கை. மற்றதில வெறும் கதிரை, அதில கடிதம், பின்னால திறந்த கதவு. அழுகையைக் காணேல்லை. கேட்டால், “அதை வாசிக்கிற ஆளுக்கு விடுங்க அண்ணன்” எண்டார்.

புத்தகம் வந்தது. அம்மா வாசிச்சுப்போட்டு, “உந்தப் பெட்டை இப்ப எங்க போட்டாள்?” எண்டு கேட்டவ. அப்ப ஆர் சரி?

கோப்பாய்த் தங்கச்சிக்கு ஒண்டு. பலூனை மூடிப் பாக்கிறது சோதினைக்கு நல்லது, வேதமில்லை. படத்திலயே எல்லாம் விளங்குமெண்டால் பலூன் என்னத்துக்கு? எங்கட சனம் நிண்டு கதைச்சுத்தானே சண்டை பிடிக்கிறது. காணிச் சண்டையில குத்துக்கரணமே அடிக்கிறவை? நீங்கள் செய்யவேண்டியது, நிண்டு கதைக்கேக்க கை என்ன செய்யுது, மற்ற ஆள் எங்க பாக்கிறார், படலைக்கு உள்ள நிக்கினமோ வெளியில நிக்கினமோ எண்டதைக் கவனிக்கிறது. மையை எடுக்க முன்னம் முழுக் கதையையும் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில குச்சி மனிசரா ஓட்டிப் பாருங்கோ. ஜப்பானில பத்திராதிபர் முதலில பாக்கிறதே அந்தக் கரட்டுப் பிரதியைத்தான், அதை ‘நேமு’ எண்டுவினம். அதிலயே திருத்தி, திருத்தி, பிறகுதான் பேனையைத் தொடுறது.

ஜாம்போத்தல்

வசனத் தம்பிக்குக் கதைக்கத் தெரியும். எழுத்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, மெசின்காரரைத் தவிர. அவரும் எழுத்துருவோட நிண்டிட்டார்.

தொண்ணூறுகளின்ர தொடக்கம். கரண்ட் இல்லை, ஜாம்போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடையால தாள் இல்லை, செய்திப் பேப்பரே கோடு போட்ட கொப்பித் தாளில வந்த காலம். சுன்னாகத்தில கடைப் பேர்ப்பலகை எழுதுற ஒருத்தர் இருந்தார். தூரிகை கழுவிக் குடுக்கப் போவன். எனக்குக் கதைப்படம் கீறுற ஆசை எண்டு தெரிஞ்சு, ஒருநாள் என்ர கொப்பியை வாங்கிப் பாத்தார். படத்தைப் பாக்கேல்லை. பலூனுக்குள்ள நான் எழுதியிருந்த ‘ஐயோ’வை நகத்தால சுரண்டினார். “உது கத்துறவன்ர ஐயோவா, செத்த வீட்டு ஐயோவா?” எண்டார்.

சுண்ணக்கட்டியால நிலத்தில ரெண்டையும் எழுதிக் காட்டினார். ஒண்டில ‘ஐ’ வளைஞ்சு முன்னுக்குப் பாயுது, மற்றதில ‘யோ’வின்ர கால் நிலத்தில இழுபடுது. ஒரு படமும் இல்லாமல் ரெண்டு ஆள் தெரிஞ்சினம். அதுக்குப் பிறகு இடம்பெயர்ந்து, அவர் எங்க போனாரெண்டு தெரியாது. இப்ப பிள்ளையள் எழுத்துருவைத் தெரிவு செய்யிறதைப் பாக்கேக்கை அந்த நகம்தான் ஞாபகம் வரும்.

விசயத்துக்கு வாறன். ஆங்கிலக் கொமிக்ஸில பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம். தமிழில மேல விசிறி (‘கி’, ‘கீ’யில மேல வளையிறது), கீழ ‘கூ’, ‘ணு’ எண்டு இறங்கும், வரிக்கு வரி இடம் கூட விடவேணும். சொல்லும் நீளம். எழுபதுகளின்ர தொடக்கத்தில சிவகாசியில முத்து கொமிக்ஸ் தொடங்கின காலத்துப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கோ, ஆங்கிலத்துக்கு ஊதின பலூனுக்குள்ள தமிழ், திருவிழா பஸ்ஸில சனம் மாதிரி நெரிஞ்சுகொண்டு நிக்கும். அது மொழிபெயர்ப்பு, அவைக்கு வேற வழியில்லை. சொந்தமாக் கீறுற உங்களுக்கு என்ன கேடு? முதல் வசனத்தை எழுதுங்கோ, பலூனுக்கு இடம் ஒதுக்குங்கோ, மிச்சத்தில ஆளைக் கீறுங்கோ. முதல் கதைக்கிற ஆள் இடப்பக்கம். மாறி நிண்டால் பலூன் வால் ரெண்டும் பின்னிக்கொள்ளும்.

இஞ்ச மரபில்லை எண்டு ஆராவது தொடங்க முன்னம் சொல்லிவிடுறன். சிரித்திரன் எண்ட நகைச்சுவைச் சஞ்சிகையை நடத்தின சுந்தர் தானே கீறித் தானே ஆசிரியராயும் இருந்தவர். கீறத் தெரிஞ்ச பத்திராதிபர் எங்களுக்கு இருந்திருக்கிறார். இப்ப இல்லை, அது வேற.

மானிப்பாய்_மை

யாழ்ப்பாணத்தில ஜி-பென் நிப் (மையில தொட்டுக் கீறுற பேனை முனை) எங்க எடுக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

லாச்சப்பல்

நான் பாரிசில இருக்கிறன், ஊர் கைதடி. அங்குலேம் எண்ட பிரெஞ்சு நகரத்தில வழமையாத் தை மாதக் கடைசியில கொமிக்ஸ் விழா நடந்துவந்தது, 1974இல தொடங்கினது. பதிப்பகக்காரர் சிலர் புது ஆக்களின்ர படக் கோவையைப் பாப்பினம். வரிசையில நிண்டு என்ர முறை வந்தது. ஒரு பெண் ஆசிரியர், அம்மாவின்ர வயசிருக்கும். சண்டைப் பக்கம், குண்டு விழுற பக்கம், முழுப்பக்கப் படம் எல்லாத்தையும் மளமளவெண்டு தட்டினா. ஒரு பக்கத்தில கை நிண்டது. அம்மம்மா திருவலையில இருந்து தேங்காய் திருவுறா. மூண்டு கட்டம், வசனமில்லை. மூண்டாவதில திருவிறதை நிப்பாட்டிப்போட்டுப் படலைப் பக்கம் பாக்கிறா.

“இவ ஆரைப் பாக்கிறா?” எண்டு கேட்டா. அடுத்த பக்கம் நான் கீறேல்லை, அது தனிப் பக்கம். மாமாவை எண்டன். “அவர் வந்தாரா?” எண்டு கேட்டா. எனக்குப் பிரெஞ்சு நல்லா வரும், ஆனா அந்த நேரம் வாய் வரேல்லை. அவ அந்த ஒரு தாளை மட்டும் பிறிம்பா வைச்சுப்போட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தா. “இது 46 பக்கம் போகுமெண்டால் எனக்கு எழுதும்” எண்டு காட் ஒண்டு தந்தா. காட் இப்பவும் பேர்ஸில கிடக்கு. எழுதேல்லை.

நெல்லியடித் தம்பி, உங்கட நாயும் என்ர அம்மம்மாவும் ஒரே சாதி எண்டு நினைக்கிறன். ஜாம்போத்தல் ஐயா, பலூனுக்கு முதல் இடம் எண்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன், இஞ்ச வசனமில்லாத பக்கத்துக்குத்தான் ஆள் நிக்குது. இன்னொண்டு, வேலை கேட்டுப் போறவை தனிப்படத்தைக் கொண்டுபோய் அடுக்காதேங்கோ. தொடர்ச்சியா அஞ்சாறு பக்கம், ஒரே ஆள் ஒவ்வொரு கோணத்திலயும் அதே ஆளாத் தெரியவேணும். இஞ்ச ஒரு அல்பம் (கொமிக்ஸ் புத்தகம்) எண்டால் 48 பக்கம், கனபேருக்கு ஒரு வருசம் போகும். முற்பணம் தருவினம், பிறகு விக்கிற பங்கில அதைக் கழிப்பினம். அந்த வருசம் முழுக்க வாடகை ஆர் கட்டுறது எண்டதுதான் எனக்குள்ள கேள்வி.

கொக்குவில் மெசின்

48 ஏனெண்டு அந்த அம்மா சொல்லேல்லையோ? பெரிய தாளை மடிச்சால் 16 பக்கம் ஒரு மடிப்பு, மூண்டு மடிப்பு 48. தலைப்புப் பக்கம் அது இது போக மிச்சம் 46. ஓவியரும் எழுத்தாளரும் இருந்து யோசிச்ச கணக்கில்லை, மெசின்ர கணக்கு. உதைத்தான் நான் முதலில இருந்து சொல்லுறன், ஆர் கேட்டது எண்டு நெல்லியடி கேக்கிறார்.

காட்டில மெயில் முகவரி கிடந்தால் எழுதுங்கோ தங்கச்சி. மானிப்பாய்க்கு: நான் ஜி-நிப்பைக் கண்டது கொழும்பிலதான்.