மறு: கேம்புக் – கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

எண்ணிட்ட பத்திகளுக்கிடையே வழியைத் தெரிந்தெடுத்து, விதிப்படி கணக்கு வைத்து ஒருவர் தனியே ஆடும் நூலே 'கேம்புக்'. அதற்குத் தமிழில் 'கிளைக்கதை' என்ற சொல் பரிந்துரைக்கப்பட்டது; அது வேண்டாம் என்பது என் கருத்து. பாரதத்துக்குள் வரும் நளன் கதை போன்றவற்றுக்கு அந்தச் சொல் முன்பே வழங்குகிறது. தவிர, அதில் ஆட்டம் என்ற பொருளே இல்லை.

1976இல் வந்த 'பஃபலோ காசில்', 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்ற, பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கதைமாந்தராக ஆடும் ஆட்டத்தை ஒருவர் தனியே ஆடுவதற்கென எழுதப்பட்டது. மேசையில் ஆட்டத்தை நடத்துபவர் வாயால் சொல்வதெல்லாம் அதில் எண்ணிட்ட பத்திகளாயின. 1982இல் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' விதிகளையும் உள்ளேயே வைத்து, 400 பத்திகளோடு வந்தது. ஆடுபவரின் தொடக்க மதிப்புகள்: திறனுக்கு ஒரு பகடையில் விழும் எண்ணுடன் 6, உடல்வலுவுக்கு இரு பகடையின் கூட்டுத்தொகையுடன் 12, நற்பேற்றுக்கு ஒரு பகடையின் எண்ணுடன் 6. சண்டையில் இரு தரப்புக்கும் இரு பகடை உருட்டித் திறனைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்தவர் உடல்வலுவில் 2 இழப்பார்.

திறன் 7 உள்ளவர் திறன் 10 உள்ள எதிரியிடம் சிக்கினால் ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடுதான். மேசையில் என்றால் பேரம் பேசலாம், விளக்கை அணைத்துவிட்டு ஓடலாம். நடத்துபவர் அதற்கேற்பத் தீர்ப்புச் சொல்வார். நூலிலோ, எழுதாத வழி இல்லை. நடத்தும் ஆள் இல்லாமல் போனாலும் ஆட்டம் இருக்கிறது. ஆகவே 'தனியாட்ட நூல்'.

---

> ஆகவே 'தனியாட்ட நூல்'

வணக்கம் ஐயா. நல்ல சொல். 'பகடைநூல்' என முன்பு வந்த பரிந்துரையையும் இத்துடன் விட்டுவிடலாம். 1984இல் தொடங்கிய 'லோன் உல்ஃப்' வரிசைக்குப் பகடையே வேண்டாம். கண்ணை மூடி எண் அட்டவணையில் பென்சிலை வைத்தால் போதும்.

1979இல் தொடங்கிய 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசையை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே தெரிவு மட்டும்தான், அது 'தெரிவுக்கதை'. பத்திக்குப் பத்தி ஆடுபவர் சுமந்து செல்லும் கணக்கு உண்டா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். 'வார்லாக்'கில் நற்பேற்றைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் 1 குறையும். தெரிவுக்கதையில் அப்படிக் குறைய எதுவும் இல்லை.

---

இருவர் சொன்னதும் சரி. ஆனால் 'பஃபலோ காசில்' ஆட விதிநூல் தனியே வேண்டும். அதையும் 'வார்லாக்'கையும் ஒரே பெயரில் அழைத்தால் வாங்குபவர் குழம்புவார். விதி உள்ளேயே இருப்பது தனியாட்ட நூல், விதிநூலை நம்பியிருப்பது 'தனியாட்டத் துணைநூல்' என்று பிரிக்கலாம்.

மேசையில் ஆடுவதைப் 'பாத்திரமேற்பு ஆட்டம்' என்றே வைப்போம். 1984இல், 'வார்லாக்'கில் தொடங்கிய 'ஃபைட்டிங் ஃபேன்டசி' வரிசை நூல்களின் விதிகளையே கொண்டு பலர் கூடி ஆடும் ஆட்டமும் வெளிவந்தது. இரண்டு சொல்லிலும் 'ஆட்டம்' இருந்தால் அந்த உறவு தெரியும். நடத்துபவரை 'நடத்துநர்' என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும். 'ஆட்ட நெறியாளர்' என்று பட்டியலில் ஏற்றுகிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.