சைனா ஸ்டடியை நம்பி அப்பாவின் சாப்பாட்டை மாற்றலாமா?

கேழ்வரகுக்கூழ்:
அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு, மெட்ஃபார்மின் போடுகிறார். தம்பி 'சைனா ஸ்டடி' என்ற புத்தகத்தைப் படித்துவிட்டு மீன், முட்டை, தயிர், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்து, தீட்டாத தானியம், பருப்பு, காய், பழம் மட்டும் கொடு, அடைப்பே கரைந்துவிடும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அத்தை மகன் பேலியோ ஆள், அந்தப் புத்தகமே டுபாக்கூர், அரிசிதான் வில்லன் என்கிறார். இரண்டு பேரும் ஆய்வு சொல்கிறது, ஆய்வு சொல்கிறது என்றே பேசுகிறார்கள். அம்மாவுக்கோ எண்ணெய் இல்லாமல் எப்படித் தாளிப்பது என்பதுதான் கவலை. அடைப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லையா?

வடைச்சட்டி:
புத்தகம் வேறு, ஆய்வு வேறு. 1983-ல் சீனாவின் 65 மாவட்டங்களில் சுமார் 6,500 பேரிடம் ரத்தம் எடுத்து, என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் ஆள் ஆளாக ஒப்பிடவில்லை. ஊர்க்காரர்களின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து சோதித்து, மாவட்டச் சராசரியை அந்த மாவட்டத்தின் சாவுக் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள், அந்தச் சாவுக் கணக்கோ 1973-75-ல் எடுத்தது! எதற்கும் எதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று துப்புக் கிடைக்க இது நல்ல வழிதான். இறைச்சியால்தான் நோய் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல இது போதாது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான காலின் கேம்ப்பெல் 2005-ல் வந்த அந்தப் புத்தகத்தில் அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.

பால் புரதம் புற்றுநோயை வளர்க்கும் என்பதற்கு அவர் காட்டும் எலிச் சோதனைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. அவருக்கு அந்த யோசனை வந்ததே ஹைதராபாத்தில் மாதவனும் கோபாலனும் 1968-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான். கோபாலன் சேலத்தில் பிறந்தவர், இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பெரிய பெயர். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சோடு 20 சதவீதம் கேசீன் (பால் புரதம்) தின்ற எலிகளுக்குக் கட்டி வந்தது, 5 சதவீதம் தின்றவற்றுக்கு வரவில்லை. சரி. ஆனால் புரதம் குறைவாகத் தின்ற எலிகளின் கல்லீரலைத்தான் அதே நச்சு அதிகமாகக் கெடுத்தது. தம்பியிடம் இந்தப் பாதியையும் சொல்லுங்கள்.

நாட்டுச்சக்கரை:
அப்பாவுக்கு வேண்டியது சீனாக் கதை இல்லை சகோ, அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990-ல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. "அடைப்பு கரையும்" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் அதுதான் மூலம். 48 இதய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பில் 10 சதவீத கலோரி மட்டும் வரும் சைவ உணவு கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் இதய ரத்தக் குழாய்ச் சுருக்கம் சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8-க்கு இறங்கியது, மற்ற பிரிவில் 42.7-லிருந்து 46.1-க்கு ஏறியது. திசை நல்ல திசை, ஆனால் இதைக் "கரைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அந்த 2.2-ஐக் காட்டுங்கள்.

இன்னொன்று. அந்தப் பிரிவு சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை. புகையை விட்டார்கள், நடந்தார்கள், யோகா, தியானம், வாரந்தோறும் கூடிப் பேசுவது எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை (ஆர்னிஷின் யோகா குரு சச்சிதானந்தர், கோவை செட்டிபாளையத்துக்காரர்). இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க வழியே இல்லை. முட்டை வெள்ளையும் கொழுப்பெடுத்த தயிரும் அந்த உணவில் அனுமதிதான் என்பதையும் தம்பி கவனிக்கட்டும்.

மொச்சைக்கொட்டை:
இந்தச் சண்டையே எனக்குப் பிடிக்கவில்லை. மீனை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைக்கிறீர்கள்? அதை யாரும் கேட்பதில்லை. மைதா பரோட்டாவும் செடியிலிருந்து வந்ததுதான், வெள்ளைச் சோறும் அப்படித்தான். நியூசிலாந்தின் கிஸ்போர்னில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில் 65 பேர், கலோரி எண்ணாமல் வயிறு நிறையச் சாப்பிட்டும், தம்பி சொல்வது போன்ற தாவர உணவுக்கு மாறிய பிரிவின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஆறு மாதத்தில் சராசரி 4.4 குறைந்தது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு நடந்தது, வைட்டமின் பி12 மாத்திரையும் கொடுத்தார்கள். ஒப்பிட்ட பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

அத்தை மகனுக்கும் ஒன்று இருக்கிறது. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2021-ல் வெளியிட்டது, 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, கொழுப்புக் குறைந்த தாவர உணவு இரண்டு வாரம், மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவு இரண்டு வாரம். தாவர உணவில் தினம் 550 முதல் 700 கலோரி குறைவாகத் தாங்களாகவே சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை அதில்தான் அதிகம், அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம். உங்கள் அப்பா கதை வேறு. சோற்றளவைப் பாதியாக்கிக் காயையும் பயறையும் கூட்டுங்கள்.

கேழ்வரகுக்கூழ்:
மிக்க நன்றி எல்லோருக்கும். அப்படியானால் மீன் குழம்பு?

மொச்சைக்கொட்டை:
வறுக்காமல் குழம்பாக வாரம் இரண்டு நாள் மீன் இருந்தால் நான் நிறுத்தமாட்டேன். எந்தப் பக்கம் போனாலும் இதய மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, எவ்வளவு நாள் என்பது கார்டியாலஜிஸ்ட் கையில். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையும், அதோடு மீனும் தயிரும் போனால் இன்னும் குறையும், எனவே முதலில் பி12 ரத்தப் பரிசோதனை. சாப்பாடு மாறியதும் சர்க்கரை இறங்கலாம், மாத்திரை அளவையும் டாக்டர் பார்க்கட்டும்.

வடைச்சட்டி:
அம்மாவிடம் சொல்லுங்கள், கடுகு வெறும் வாணலியிலும் வெடிக்கும், மூடி போட்டு, தீயைக் குறைத்து. கறிவேப்பிலையைத்தான் கருகாமல் பார்க்கவேண்டும். இல்லை, நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் என்று அளந்து ஊற்றினாலும் ஒன்றும் குடிமுழுகாது.